300 வாட்ஸ் பெட்டியும் 32 வோல்ட் அடாப்டரும்

ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பிக் காசு கொடுத்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். ஒரு காலத்தில் அந்த ஸ்டிக்கரில் "பி.எம்.பி.ஓ." என்று நான்கு எழுத்து இருக்கும். பக்கத்தில் 2000 வாட்ஸ், 5000 வாட்ஸ் என்று வாயைப் பிளக்க வைக்கும் ஒரு எண் இருக்கும். பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் பரிதாபமாக உட்கார்ந்திருக்கும். பி.எம்.பி.ஓ.வை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எந்தத் தர நிர்ணயமும் கிடையாது. அதனால் யாருக்கு எவ்வளவு தோன்றியதோ அவ்வளவு எழுதிக்கொண்டார்கள். தீபாவளித் தள்ளுபடி போர்டு மாதிரி!

இப்போது ஸ்டிக்கர் மாறிவிட்டது. டிபன் பாக்ஸை விடச் சின்னதாக ஒரு அலுமினியப் பெட்டி, பின்னால் லேப்டாப்புக்கு வருகிற மாதிரி ஒரு அடாப்டர், அட்டைப்பெட்டியில் "300 வாட்ஸ் × 2", கீழே "கிளாஸ் டி". இது பி.எம்.பி.ஓ.வின் பேரனா, இல்லை நிஜமாகவே சரக்கு இருக்கிறதா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பணம் மிச்சம். திருச்சி உறையூரில் ஒரு வீட்டில் இந்தப் பிரித்துப் பார்க்கும் வேலை நடந்தது. அதற்குப் போகும் முன் கொஞ்சம் பாடம். (பயப்பட வேண்டாம், பரீட்சை கடைசியில்தான்!)

"டி" என்றால் டிஜிட்டல் இல்லை

ஏ, பி, சி என்று ஆம்ப்ளிஃபயர் வகைகளுக்கு ஏற்கெனவே எழுத்து கொடுத்து முடித்திருந்தார்கள். அடுத்து வந்ததற்கு அடுத்த எழுத்து. அவ்வளவுதான். டிஜிட்டல் என்பதால் டி அல்ல.

இது எப்படி வேலை செய்கிறது என்று புரிய வீட்டு ஃபேன் ரெகுலேட்டரை நினைத்துக்கொண்டால் போதும். முன்பெல்லாம் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் பெரிய டப்பாவாக ஒரு ரெகுலேட்டர் இருக்கும். ஃபேனை 1இல் வைத்துவிட்டு அதைத் தொட்டால் சுடும். ஃபேனுக்குப் போகாத மின்சாரத்தை அந்த டப்பா சூடாக்கித் தின்றுகொண்டிருக்கும். பிறகு சின்ன எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வந்தது. அது மின்சாரத்தைத் தின்பதில்லை, வெட்டி வெட்டி அனுப்புகிறது. அதனால் சூடும் அதிகம் இல்லை.

பழைய கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபயர் அந்தப் பெரிய டப்பா மாதிரி. அதிலுள்ள ட்ரான்சிஸ்டர் பாதி திறந்தும் பாதி மூடியும் நிற்கும். பாட்டுக்குத் தேவையானது ஸ்பீக்கருக்குப் போகும், மீதி ஹீட்சிங்க்கில் சூடாகும். கிளாஸ் டி-யில் ட்ரான்சிஸ்டருக்கு இரண்டே நிலை. முழுதாகத் திறப்பு, முழுதாக மூடல். முழுதாகத் திறந்திருந்தால் கரன்ட் ஓடும், ஆனால் ட்ரான்சிஸ்டரின் மேல் வோல்டேஜ் கிட்டத்தட்ட இல்லை. மூடியிருந்தால் வோல்டேஜ் உண்டு, கரன்ட் இல்லை. இரண்டையும் பெருக்கினால்தானே சூடு? ஏதோ ஒன்று பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சூடு மிகக் குறைவு.

இந்தத் திறப்பும் மூடலும் ஒரு நொடிக்கு லட்சக்கணக்கான தடவை நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதில்தான் பாட்டு ஒளிந்திருக்கிறது. கடைசியில் ஒரு காயிலும் ஒரு கெப்பாசிட்டரும் அந்த வெட்டுகளையெல்லாம் சமன் செய்துவிட, ஸ்பீக்கருக்குப் போவது பாட்டு மட்டும். கிளாஸ் பி வகையின் திறன் ஏட்டுக் கணக்கிலேயே 78.5 சதவீதத்தைத் தாண்டாது, அதுவும் முழு சத்தத்தில். கிளாஸ் டி நடைமுறையிலேயே 90 சதவீதத்தைத் தொடுகிறது.

ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக்

இது புதுச் சரக்கு இல்லை. 1964இலேயே இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேரின் கம்பெனி எக்ஸ்-10 என்று ஒரு கிட் விற்றது. பெயரில் 10, நிஜத்தில் கிடைத்தது 2.5 வாட்ஸ் சுமார். (ஸ்டிக்கர் வியாதி அப்போதே ஆரம்பம்!) அந்தக் கால ட்ரான்சிஸ்டர்களுக்கு அவ்வளவு வேகமாகத் திறந்து மூட வரவில்லை. 1970களின் கடைசியில் வேகமான மாஸ்ஃபெட்கள் வந்த பிறகுதான் இந்த யோசனைக்கு உயிர் வந்தது.

1995இல் அமெரிக்காவில் ட்ரைபாத் என்று ஒரு கம்பெனி தொடங்கியது. அவர்களுடைய டி.ஏ. 2020 என்ற சிப் இரண்டு சேனலுக்கும் தலா 20 வாட்ஸ் தரக்கூடியது. ட்ரைபாத்தின் டி.ஏ. 2024 என்ற சிப்பைப் போட்டு சோனிக் இம்பாக்ட் என்ற கம்பெனி பேட்டரியில் ஓடும் மலிவான ஒரு பிளாஸ்டிக் ஆம்ப்ளிஃபயரை விற்றது. லட்சக்கணக்கில் செலவழித்துப் பாட்டுக் கேட்கிறவர்களே அதைக் கேட்டுப் புருவம் உயர்த்தினார்கள். 2009இல் ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் பத்திரிகை உலகை உலுக்கிய 25 சிப்கள் என்று பட்டியல் போட்டபோது அதில் டி.ஏ. 2020உம் இருந்தது. ஆனால் கம்பெனி 2007இலேயே திவால்! நல்ல சரக்கு, நல்ல பெயர், கல்லாப்பெட்டி காலி. காமர்ஸ் படிக்கிறவர்கள் இந்த ஒரு வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

இன்னொரு பக்கம் புரூனோ புட்சேஸ் என்ற பெல்ஜியம் நாட்டு என்ஜினியர். பிலிப்ஸில் இருந்தபோது யு.சி.டி. என்ற டிசைன், பிறகு ஹைபெக்ஸில் என்கோர், அதன் பிறகு ப்யூரிஃபை என்று கிளாஸ் டி-யின் தரத்தைப் படிப்படியாக மேலே கொண்டுபோனவர். அவர் வழியின் சாரம் இதுதான்: வெளியே போவது சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் ஃபீட்பேக்கை, கடைசியில் இருக்கும் காயிலுக்குப் பின்னால் இருந்து எடுப்பது. இது ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும்.

இன்றைக்கு சவுண்ட்பார், சப்வூஃபர், டி.வி., செல்போன் ஸ்பீக்கர் என்று பெரும்பாலும் எல்லாவற்றுக்குள்ளும் கிளாஸ் டி-தான். தெரியாமலேயே எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உறையூர் வீடு

அந்த வீட்டில் மூன்று பேர். 74 வயதான ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் அவருடைய மகள். ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. போஸ்ட்மாஸ்டருக்கு காலையில் பக்திப் பாட்டு, மாலையில் பழைய சினிமாப் பாட்டு. இரண்டும் இல்லாவிட்டால் அன்றைக்கு வீட்டில் பேச்சுவார்த்தை இருக்காது.

அங்கே 22 வருஷம் ஓடிய ஒரு ஆம்ப்ளிஃபயர் இருந்தது. கடைவீதியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய் தன் கையால் 4440 ஐசி போட்டு செய்துகொடுத்தது. ஐந்து தடவை ரிப்பேர் ஆகி ஐந்து தடவையும் எழுந்து உட்கார்ந்தது. ஆறாவது தடவை ட்ரான்ஸ்ஃபார்மரே கருகிவிட்டது.

"இதுக்கு மேல இதுல காசு போடாதீங்க சார். 7294 ஐசி ரெண்டு போட்டு, 24-0-24 ட்ரான்ஸ்ஃபார்மர் வச்சு, புதுசாவே பண்ணித் தர்றேன். ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார் பாய்.

மகள் ஆன்லைனில் பார்த்து வைத்திருந்தது கிளாஸ் டி பெட்டி. அடாப்டரோடு எட்டாயிரத்து ஐந்நூறு. உள்ளே டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் டி.பி.ஏ. 3255 சிப். வீட்டு பட்ஜெட் பத்தாயிரம், அதில் பேத்தியின் டியூஷன் ஃபீஸ் தவணையும் இருந்தது. இரண்டு தடவை வாங்க முடியாது. போஸ்ட்மாஸ்டருக்கு இன்னொரு சங்கடம். 22 வருஷமாக வீட்டுக்கு வந்துபோகிற பாயிடம் "வேண்டாம், ஆன்லைனில் வாங்கிக்கொள்கிறோம்" என்று எப்படிச் சொல்வது?

மகளே போய்ச் சொன்னார். "பாய், பத்து நாளைக்குள்ள திருப்பி அனுப்பலாம்னு போட்டிருக்கான். வரவழைச்சுப் பாக்குறேன். நீங்களும் வந்து கேட்டுட்டுச் சொல்லுங்க. சரியில்லன்னா உங்ககிட்டதான்."

பாய் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "சரிம்மா, கடையில ஒரு 7294 செட் சும்மாதான் இருக்கு, அதையும் எடுத்துட்டு வர்றேன். ரெண்டையும் வச்சே கேட்டுரலாம்" என்றார். கையை விட்டுப் போகக்கூடிய ஒரு ஆர்டருக்காக அவர் செய்தது இது.

வரவும் செலவும்

பெட்டி வந்தது. அட்டையில் "300 வாட்ஸ் × 2". அடாப்டரில் "32 வோல்ட், 5 ஆம்பியர்".

மகள் வங்கிக்காரர் அல்லவா, கணக்கு உடனே இடித்தது. 32ஐ 5ஆல் பெருக்கினால் 160 வாட்ஸ். உள்ளே வருவதே 160. வெளியே 600 எப்படிப் போகும்? வரவு 160 ரூபாய், செலவு 600 ரூபாய் என்று எழுதினால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

சிப் கம்பெனி பொய் சொல்லவில்லை. டி.பி.ஏ. 3255இன் டேட்டாஷீட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சேனலுக்கு 315 வாட்ஸ் என்று இருக்கிறது. ஆனால் அது 50 வோல்ட்டைத் தாண்டிய பவர் சப்ளையில், 10 சதவீத டிஸ்டார்ஷனோடு. 10 சதவீதம் என்றால் பாட்டு கரகரவென்று கிழிகிற நிலை. அதே டேட்டாஷீட்டில் 1 சதவீத டிஸ்டார்ஷனுக்கு 260 வாட்ஸ் என்றும் போட்டிருக்கிறார்கள். ஸ்டிக்கர் அடிப்பவர்கள் பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், 50 வோல்ட்டை அட்டையில் விட்டுவிட்டு 32 வோல்ட் அடாப்டரைப் பெட்டிக்குள் வைக்கிறார்கள்.

நிஜக் கணக்கு சுலபம். இந்த வகைப் பெட்டியில் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் உச்ச வோல்டேஜ், கிட்டத்தட்ட அடாப்டர் வோல்டேஜ்தான். அதை அதே எண்ணால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓம்ஸின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 32 × 32 = 1024. 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 16ஆல் வகுக்க 64 வாட்ஸ். நடைமுறையில் அதற்கும் கொஞ்சம் கீழே. 4 ஓம் என்றால் 128 வரும். ஆனால் இரண்டு பக்கமும் சேர்த்து 256ஐ அந்த 160 வாட்ஸ் அடாப்டர் தொடர்ந்து தாங்காது.

300 என்று சொல்லி 64 தருகிறான், மோசடி என்று கொதிக்க வேண்டுமா? வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். 64க்கும் 300க்கும் வித்தியாசம் 7 டெசிபல்கூட இல்லை. ஒரு சாதாரண ஸ்பீக்கர் 1 வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தரும் என்று வைத்துக்கொண்டால், 10 வாட்டில் 97. பன்னிரண்டடிக்குப் பத்தடி ஹாலில் போஸ்ட்மாஸ்டர் கேட்பது பெரும்பாலும் 1 வாட்டைச் சுற்றித்தான். மீதி 63 வாட்ஸும் மேளச் சத்தம் திடீரென்று எகிறும்போது கைகொடுக்க. ஆக, எண் பொய், ஆனால் பெட்டி போதும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

கரன்ட் பில் மிச்சமாகும் என்பதையும் பார்த்துவிடலாம். சும்மா இருக்கும்போது 40 வாட்ஸ் இழுக்கும் ஒரு பழைய வகை ஆம்ப்ளிஃபயரைத் தினமும் ஆறு மணி நேரம் போட்டால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் சொச்சம். 8 வாட்ஸ் இழுக்கும் கிளாஸ் டி-க்கு 3 யூனிட். மிச்சம் 11 யூனிட். இதை வைத்து நகை வாங்க முடியாது. நிஜ லாபம் வேறு இடத்தில். அந்த வீட்டில் ஆம்ப்ளிஃபயர் இருப்பது கண்ணாடி போட்ட ஷோகேஸுக்குள். திருச்சி மே மாத வெயிலில், காற்றே போகாத அலமாரியில், சூடாகாத பெட்டி என்பது உண்மையான வசதி. அதோடு, மாலையில் லோ வோல்டேஜ் ஆனாலும் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்ட அடாப்டர் அசராது. ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த செட் அந்த நேரத்தில் தெம்பிழந்துவிடும்.

மூன்று கம்பி

பேத்தி ஆவலாக ஸ்பீக்கர் வயரைச் சொருகப் போனாள். "பாப்பா, நில்லு நில்லு" என்று பாய் கையைப் பிடித்தார்.

ஷோகேஸுக்குப் பின்னால் சுவரோடு போன வயரை டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து மூன்றே கம்பி. இடது பிளஸ், வலது பிளஸ், இரண்டுக்கும் பொதுவாக ஒரு மைனஸ். வயர் மிச்சம் பிடிக்க அந்தக் காலத்தில் நிறைய வீடுகளில் இப்படித்தான் இழுத்தார்கள். பழைய 4440 செட்டில் மைனஸ் என்பது வெறும் எர்த் என்பதால் ஒரு பிரச்சினையும் இல்லை.

"சார், இந்த மாதிரிப் பெட்டியில மைனஸும் மைனஸ் இல்ல. ரெண்டு பக்கமும் உயிர். கார் ஸ்டீரியோவுல ஸ்பீக்கர் மைனஸை பாடியில குடுத்தா என்ன ஆகும்? அதே கதைதான் இங்கயும். ரெண்டு மைனஸையும் சேத்தீங்கன்னா எட்டாயிரத்து ஐந்நூறும் புகையாப் போயிரும்."

இதுதான் பிரிட்ஜ் இணைப்பு. ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் இரண்டு தனி ஆம்ப்ளிஃபயர்கள் எதிரெதிராக ஓட்டுகின்றன. 32 வோல்ட்டிலேயே 64 வாட்ஸ் வருவதற்கு இதுவும் காரணம். நல்ல சிப்பில் பாதுகாப்பு இருக்கும், உடனே அணைந்துகொள்ளும். ஆனால் அந்தப் பாதுகாப்பை நம்பிப் பரிசோதனை செய்யத் தேவையில்லை. பெட்டியோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆன்லைன் ரிவ்யூக்களில் ஐந்து நட்சத்திரம் போட்டவர்களும் சொல்லவில்லை. 22 வருஷத்துக்கு முன் வயர் இழுத்தவருக்குத்தான் தெரிந்திருந்தது. அன்று மாலையே பாய் நாலு கம்பி வருகிற மாதிரி புது வயர் இழுத்தார்.

வீட்டில் பழைய வயரிங் இருப்பவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேடியோ முனகல்

பெட்டியை ஆன் செய்ததும் ஷோகேஸ் மேல் இருந்த ட்ரான்சிஸ்டர் ரேடியோ முனக ஆரம்பித்தது. போஸ்ட்மாஸ்டர் காலையில் மீடியம் வேவில் செய்தி கேட்பவர். முகம் மாறிவிட்டது.

மீடியம் வேவ் என்பது 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை. டி.பி.ஏ. 3255 வழக்கமாக வெட்டும் வேகம் 450 கிலோஹெர்ட்ஸ். அதன் இரண்டு மடங்கு 900, மூன்று மடங்கு 1350. இரண்டும் நேராக ரேடியோவின் வீட்டுக்குள் போய் உட்காருகின்றன. இதைத் தவிர்க்கத்தான் இந்தச் சிப்களில் வெட்டும் வேகத்தை மாற்றும் வசதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் பெட்டியில் அதற்கு வெளியே சுவிட்ச் இல்லை. ரேடியோவை ஆறடி தள்ளி ஜன்னல் பக்கம் வைத்ததும் முனகல் நின்றது. எஃப்.எம்.மும் ப்ளூடூத்தும் மட்டும் கேட்கும் வீடுகளில் இது தெரியவே தெரியாது. மீடியம் வேவ் கேட்கும் பெரியவர் இருக்கும் வீட்டில் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

காதுக்குப் பரீட்சை

இப்போது பெரிய கேள்வி. சத்தம் எப்படி?

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். இரண்டு ஆம்ப்ளிஃபயரில் எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுதான் "தெளிவாக", "உயிரோட்டமாக" இருப்பதாகக் காது சொல்லும். விலை தெரிந்தால் மூளை அதற்கேற்ற தீர்ப்பு எழுதும். பாய் செய்த செட் என்று தெரிந்தால் போஸ்ட்மாஸ்டருக்கு அதுதான் பிடிக்கும். 8,500 கொடுத்தது தெரிந்தால் மகளுக்கு இது.

அதனால் மூன்று ஏற்பாடு. ஒன்று, 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டு செட்டும் 2 வோல்ட் வருகிற மாதிரி வால்யூம் வைத்தார் பாய். 2.00க்கும் 2.02க்கும் மேல் வித்தியாசம் போகக்கூடாது. அது 0.1 டெசிபலுக்குள் அடங்கும். இரண்டு, நாலு கம்பியையும் ஒரே நேரத்தில் மாற்றுகிற நாலு போல் டூ வே சுவிட்ச் ஒன்றைச் சால்டர் பண்ணி எடுத்து வந்தார். (மைனஸ் சேரக்கூடாதே!) மூன்று, செட்டுகளுக்கு முன் ஒரு பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டினார்கள். திரைக்குப் பின்னால் மகள். காசு சுண்டி, தலை விழுந்தால் பாய் செட், பூ விழுந்தால் புதுப் பெட்டி. பத்து தடவை. சலங்கையும் வயலினும் வருகிற 1980களின் ஒரு பாட்டு.

தாத்தா பத்துக்கு ஆறு சரியாகச் சொன்னார். பாய் ஐந்து. பேத்தி ஒன்பது!

ஆறு என்பது பாதிக்கு மேலே இருக்கிறதே என்று சந்தோஷப்பட முடியாது. கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலே ஆறோ அதற்கு மேலோ வர 38 சதவீத வாய்ப்பு உண்டு. ஆனால் ஒன்பதோ அதற்கு மேலோ குருட்டு அதிர்ஷ்டத்தில் வர 1 சதவீதம்தான் வாய்ப்பு. அந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே ஏதோ கேட்டிருக்கிறது.

"புதுசுல சலங்கை கொஞ்சம் கூர்மையா இருக்கு தாத்தா. 'ஸ்' சத்தம் காதுல குத்துது" என்றாள்.

புட்சேஸ் கதை இங்கேதான் உதவுகிறது. கிளாஸ் டி-யின் கடைசியில் ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் உண்டு அல்லவா? ஃபீட்பேக் அந்தக் காயிலுக்கு முன்னாலேயே எடுக்கப்பட்டால், காயிலுக்குப் பின்னால் என்ன ஆகிறது என்று ஆம்ப்ளிஃபயருக்குத் தெரியாது. அப்போது உச்ச ட்ரெபிள் ஸ்பீக்கரின் ஓம்ஸைப் பொறுத்து ஏறும், இறங்கும். 4 ஓமுக்குக் கணக்குப் போட்டு வைத்த காயிலில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கொஞ்சம் தூக்கும். 74 வயதுக் காதுக்கு அந்த உயரத்தில் பெரும்பாலும் ஒன்றும் எட்டாது. 12 வயதுக் காதுக்கு எட்டும். ஒரே பெட்டி, இரண்டு காது, இரண்டு தீர்ப்பு. இரண்டுமே சரி.

ட்ரெபிள் குமிழை ஒரு துளி குறைத்து இன்னொரு பத்து தடவை. இந்தத் தடவை பேத்தி ஆறு. இந்தக் குறை இல்லாமலேயே வேண்டும் என்பவர்களுக்கு, காயிலுக்குப் பின்னாலிருந்து ஃபீட்பேக் எடுக்கும் மாடல்கள் இன்று வருகின்றன. இதே டி.பி.ஏ. 3255இல் ஃபோசியின் வி3 மோனோ அப்படிப்பட்டது. ஹைபெக்ஸ், ப்யூரிஃபை வகைகளில் இது ஆரம்பத்திலிருந்தே உண்டு, விலையும் அதற்கேற்ப உண்டு.

தாத்தாவின் குறை வேறு. "எந்தச் செட்ல போட்டாலும் பாட்டோட வார்த்தை புரிய மாட்டேங்குதே பாய்."

பாய் அண்ணாந்து பார்த்தார். ஸ்பீக்கர் இரண்டும் கூரைக்கு ஓரடி கீழே, மூலையில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. இறக்கி, உட்கார்ந்தால் காது வருகிற உயரத்துக்கு இரண்டு ஸ்டூல் மேல் வைத்து, மூலையை விட்டு இரண்டடி முன்னால் இழுத்தார். போஸ்ட்மாஸ்டர் பாட்டோடு சேர்ந்து முணுமுணுக்க ஆரம்பித்தார். செலவு பூஜ்யம். பத்தாயிரம் ரூபாய் ஆம்ப்ளிஃபயர் செய்யாததை இரண்டு ஸ்டூல் செய்தது.

கெட்டுப்போனால்?

பெட்டி திரும்பிப் போகவில்லை. ஆனால் பாய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னது கவனிக்க வேண்டிய விஷயம்.

"4440க்கு 14 கால். 7294க்கு 15 கால். என் அயர்ன் போதும். இதுக்கு 44 கால் சார், மயிரிழை மாதிரி. ஐசி போச்சுன்னா இது ரிப்பேர் இல்ல, போர்டையே மாத்துறதுதான். ஆனா அடாப்டர், அடாப்டர் சாக்கெட், வால்யூம், கெப்பாசிட்டர்... இதுங்கதான் முதல்ல போகும். அதெல்லாம் நான் பாத்துக்குவேன்."

பழைய செட் 22 வருஷம் ஓடியது, ஐந்து ரிப்பேரோடு. தேய்மானக் கணக்குப் போட்டால் வருஷத்துக்குச் சில நூறு ரூபாய். புதுப் பெட்டிக்கு வாரண்டி ஒரு வருஷம். பத்து வருஷம் ஓடினால் வருஷத்துக்கு 850. மூன்றே வருஷத்தில் போனால் 2,833. டேட்டாஷீட்டில் டிஸ்டார்ஷன் தசம புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் வரை இருக்கிறது. இந்தக் கணக்குக்கு அதில் இடமில்லை. சிப் நல்ல சிப்தான். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் பத்து ரூபாய் கெப்பாசிட்டரும், அதை மாற்றத் தெரிந்த ஒருவர் தெருவில் இருப்பதும்தான் ஆயுளைத் தீர்மானிக்கும். கடைவீதியில் பாய் கடை மாதிரி முன்பு ஐந்து இருந்தன. இப்போது இரண்டு.

மகள் வயரிங்குக்கும் சுவிட்சுக்கும் ஒரு நாள் கூலிக்கும் சேர்த்து பாய்க்கு 1,200 கொடுத்தார். அவர் முதலில் வாங்க மறுத்தார். "வச்சுக்கங்க பாய், நீங்க வரலைன்னா இந்த எட்டாயிரத்து ஐந்நூறே இருந்திருக்காது" என்றதும் வாங்கிக்கொண்டார். மொத்தம் 9,700. பட்ஜெட்டுக்கு 300 ரூபாய் கீழே.

வாங்கப் போகிறவர்களுக்குக் கடைசியாகச் சுருக்கம். அட்டையில் இருக்கும் வாட்ஸைப் பார்க்காதீர்கள், அடாப்டரில் இருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள். ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று பின்னால் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். மைனஸ்களைச் சேர்க்காதீர்கள். பாட்டு ஓடாதபோது ட்வீட்டரில் காதை வைத்து "உஸ்" சத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். உட்காரும் இடத்தில் கேட்காவிட்டால் போதும். வால்யூமை மிகக் குறைவாக வைத்து இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று பாருங்கள், மலிவுப் பெட்டிகளில் இங்கேதான் சறுக்கும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதையும் கேட்கச் சொல்லுங்கள், அந்தக் காதுக்கு இணையான மீட்டர் கடையில் கிடைக்காது. அடாப்டர் இன்னொன்று தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்னாலேயே விசாரித்து வையுங்கள். உங்கள் தெருவில் பாய் மாதிரி ஒருவர் இன்னும் கடை திறந்து வைத்திருந்தால், பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.